கொடியும் கோப்பைத் தேநீரும்

தலைநகரிலே நாடாளுமன்றம் கூடுகின்ற நாட்கள் சில; கூடாத நாட்கள் பல. ஆண்டு முழுவதும் ஒரு நாளேனும் ஒத்திவைக்கப்படாமல் நடைபெறும் மன்றம் ஒன்று உண்டென்றால் அது தெருமுனைத் தேநீர்க் கடையே. அங்கே உறுப்பினர் ஆவதற்குத் தேர்தல் வேண்டுவதில்லை. ஒரு கோப்பைத் தேநீரின் விலை கையில் இருந்தால் போதும். ஆனால் அந்த விலையே ஏறிக்கொண்டு போனால் என்ன செய்வது? பெங்களூர் கண்டோன்மென்ட் இரயில் நிலையத்திற்கு அருகேயுள்ள அத்தகைய மன்றம் ஒன்றில் நாம் கண்டதையும் கேட்டதையும் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். நாம் மெட்ரிகுலேஷன் வரை படித்து, இரயில்வேயில் பயணச்சீட்டு எழுத்தராக ஊதியம் பெறுபவர். பெரிய அரசியல் நூல்களைக் கற்றவர் அல்லர். ஆயினும் சாளரத்தின் இப்புறம் அமர்ந்து நாள்தோறும் நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்ப்பவர்.

2025-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நவி மும்பையிலே மகளிர் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம். மழையால் ஆட்டம் தாமதப்பட்டு, மாலையில்தான் தொடங்கியது. கடையின் சிறிய தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே நம் தெருவினர் கூடியிருந்தோம். தேசிய கீதம் ஒலித்தது. எல்லாருக்கும் முன்னதாக எழுந்து நின்றவர் ஒரு முதியவர், பஞ்சாலையிலே உழைத்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலியுள்ளவர். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கீதம் முடிந்தது. முதியவர் அமர்ந்தார். அப்போதுதான் விலைப்பலகை அவர் கண்ணிற் பட்டது.

“பன்னிரண்டு ரூபாயாய் இருந்த தேநீர் பதினைந்தாகிவிட்டதா அப்பா?” என்றார்.

“என்ன செய்வது ஐயா? பாலும் ஏறிவிட்டது, வாடகையும் ஏறிவிட்டது” என்றார் கடைக்காரர்.

நீலச் சட்டை அணிந்து, தோளிலே மூவண்ணக் கொடியைப் போர்த்திருந்த இளைஞர் ஒருவர் திரும்பினார். அவரும் நம் தெருப்பிள்ளையே. “நாட்டின் மானம் ஆடுகளத்தில் இருக்கும்போது உங்களுக்கு மூன்று ரூபாய்க் கணக்கா தாத்தா? இவ்வளவுதானா உங்கள் தேசபக்தி?” என்றார். சிலர் நகைத்தனர். முதியவர் தலை குனிந்தார். நாமோ வாய் திறக்கவில்லை.

சிறிது நேரத்தில் முதல் நான்கு ஓட்டம் அடிக்கப்பட்டது. துள்ளிக் குதித்த இளைஞரின் தோளிலிருந்து கொடி நழுவி, ஈரத் தரையில் விழுந்தது. ஒருவரும் கவனித்தாரில்லை. அந்த முதியவரே குனிந்து எடுத்தார், நீரை உதறினார், காவி நிறம் மேலே தெரியுமாறு மடித்தார். “தம்பி, கொடி கீழே விழுந்துவிட்டது, வைத்துக்கொள்” என்று இளைஞர் கையிற் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு நம் வீராங்கனைகள் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்றனர். தெருவெங்கும் வெடி முழங்கிற்று. நமக்கு மகிழ்ச்சி இருந்தது, உறக்கம் இல்லை. அந்த இருவரில் தேசபக்தர் யார்? இருவருமேதான். அப்படியானால் ஒருவர் மற்றவரை ஏன் குற்றவாளியாக்கினார்? நாம் ஏன் ஊமையாய் இருந்தோம்?

விளையாட்டிலே கொடிக்கு இருக்கும் மதிப்பு வெறும் ஆரவாரத்தினால் வந்ததன்று. 1936-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் பெர்லின் ஒலிம்பிக்கில் ஹாக்கி இறுதி ஆட்டம். தியான் சந்த் தலைமையிலான நம் அணியினர் அதற்கு முன் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் தோற்றுக் கலங்கியிருந்தனர். அணியின் துணை மேலாளராய்ச் சென்றிருந்த பங்கஜ் குப்தா, உடை மாற்றும் அறையிலே காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்து விரித்தார். வெளியே அக்கொடிக்கு இடமில்லாத காலம் அது. வீரர்கள் வணங்கிவிட்டுக் களம் புகுந்து 8–1 என்று வென்றனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், இலண்டன் வெம்பிளி அரங்கில் நம்மை ஆண்ட பிரிட்டனையே 4–0 என்று வென்றபோது, விடுதலை பெற்ற நாட்டின் கொடி எல்லாருங் காண ஏறிற்று. மறைத்து வணங்கிய கொடி, மாற்றான் மண்ணிலே தலைநிமிர்ந்த கதை அது.

ஆகவேதான் சட்டமும் இதில் விழிப்பாக இருக்கிறது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தேசியச் சின்னங்களை அவமதிப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. கொடியை உடையிலே அணிவதற்கிருந்த தடை 2005-இல் தளர்த்தப்பட்டது. இடுப்புக்கு மேலே, மரியாதையோடு அணியலாம் என்றாயிற்று. வீரர்களின் தலைக்கவசத்திலே நாம் காணும் கொடிக்கு வழி பிறந்தது அவ்வாறே. கொடி தரையிற் படலாகாது, அதன்மேல் எழுத்து எழுதலாகாது என்பன 2002-ஆம் ஆண்டுக் கொடி விதிகள். 2023-இல் புடாபெஸ்டு நகரில் ஈட்டி எறிதலில் உலக வாகை சூடிய நீரஜ் சோப்ராவிடம், ஹங்கேரி நாட்டு இரசிகை ஒருவர் நம் கொடியை நீட்டிக் கையொப்பம் கேட்டார். அவர் மறுத்து, அப்பெண்ணின் சட்டைக் கையிலே ஒப்பமிட்டுக் கொடுத்தார். கொடியை மதிப்பவர் பிறரைப் புண்படுத்த வேண்டுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, விலைக்கும் கொடிக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணுவோர் நம் மாநிலத்து ஹூப்ளியைப் பார்க்கட்டும். அங்கே பெங்கேரியில் 1957-இல் தோன்றிய கதர் கிராமத் தொழிற் சங்கம் ஒன்று, தரச்சான்று பெற்ற தேசியக் கொடிகளைத் தயாரிக்கிறது. நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், தைப்பவர் என்று பல கைகள், பெரும்பாலும் பெண்களின் கைகள், அதிலே உழைக்கின்றன. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் விதி திருத்தப்பட்டு, இயந்திரத்தில் நெய்த பாலியெஸ்டர் துணியிலும் கொடி செய்யலாம் என்றாயிற்று. 2022-இல் வீடுதோறும் கொடி ஏற்றும் இயக்கத்தின்போது அஞ்சல் நிலையங்களில் கொடி 25 ரூபாய்க்குக் கிடைத்தது. ஏழை வீட்டிலும் கொடி பறந்தது நன்றே. ஆனால் எங்கள் கூலி என்னாவது என்று கதர்த் தொழிலாளர் கேட்டனர். அவர்களைத் தேசபக்தி இல்லாதவர் என்று சொல்ல யாருக்கு நாவெழும்? கொடியைத் தைக்கிறவரே அரிசி விலையைக் கேட்கிறார், கேட்கத்தான் வேண்டும்.

பெங்களூரில் அந்த 2025-ஆம் ஆண்டு எப்படிப் பிறந்தது என்பதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜனவரி 5-இல் நகரப் பேருந்துக் கட்டணம் நூற்றுக்குப் பதினைந்து ஏறிற்று. பிப்ரவரி 9-இல் மெட்ரோ இரயிலின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாயிற்று. ஏப்ரல் முதல் நாள் பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறிற்று. ஜூலை முதல் நாள் எங்கள் இரயில்வேயும் விரைவு வண்டிகளின் குளிர்சாதனமில்லாத வகுப்புகளில் கிலோமீட்டருக்கு ஒரு காசு கூட்டிற்று. இறங்கியதையும் சொல்லுவதே நீதி. செப்டம்பரில் வரி குறைந்தபோது இரயில் குடிநீர்ப் புட்டி 15 ரூபாயிலிருந்து 14 ரூபாயாயிற்று.

இந்த ஏற்றமெல்லாம் எல்லார் தலையிலும் ஒரே எடையாய் விழுவதில்லை. நம் நிலையையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் ஊழியருக்குப் பஞ்சப்படி உண்டு. தொழிலாளர்க்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணைக் கொண்டு, ஆண்டில் இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அது திருத்தப்படுகிறது. 2025 ஜனவரிக்கு அடிப்படை ஊதியத்தில் நூற்றுக்கு 55, ஜூலைக்கு 58. விலை ஓடினால் நம் ஊதியமும் நொண்டிக்கொண்டாவது பின்னே வருகிறது. அந்த முதியவருக்கோ? தனியார் தொழிலாளர்க்கான 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்திலே பஞ்சப்படி என்னும் பேச்சே இல்லை. அதன் குறைந்த அளவு 2014-இல் மாதம் 1000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. 2025 முடியும் வரையிலும் அதே ஆயிரந்தான். பதினொரு ஆண்டுகளில் தேநீர் ஏறிற்று, பால் ஏறிற்று, பேருந்து ஏறிற்று. ஆயிரம் மட்டும் அசையாமல் நின்றது. நமக்கு மூன்று ரூபாய் என்பது ஒரு சொல். அவருக்கு அது ஒரு வேளைத் தேநீர். அன்று நாம் வாய் மூடியிருந்ததற்குக் காரணம் நம் பணிவன்று. நம் பஞ்சப்படியே என்று இப்போது வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. பிழைக்க வந்த ஊரிலே அரசியல் பேசலாமா என்னும் அச்சம் நம்மவர் பலருக்கும் உள்ளத்தின் அடியிலே கிடக்கிறது. அது வேண்டாத அச்சம். அல்சூரை அடுத்த கௌதமபுரத்தைப் பாருங்கள். தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த அவ்வட்டாரத்திலே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் நாட்டுப் பெலேயின் சிலையும் நிற்கிறது. கால்பந்தின்மீது கொண்ட காதலால் அந்நிய நாட்டு வீரரைப் போற்றுவோர் இந்நாட்டின்மீது பற்றில்லாதவர் ஆகிவிடுவாரா? இந்நகரத்தின் பாலையே நாம் குடிக்கிறோம். இந்நகரத்தின் பேருந்திலேயே போகிறோம். அதன் விலையைக் கேட்கும் உரிமையும் நமக்குண்டு.

மறுநாள் அந்த முதியவரை வழியிற் கண்டோம். மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஏதோ சொல்லத் தொடங்கினோம். அவர் சிரித்தார். “நான் காசு கேட்கவில்லையே தம்பி, கேள்விதானே கேட்டேன்? அதற்கும் விலை ஏற்றிவிட்டீர்களா?” என்றார்.

அச்சொல் நம்மை விடவில்லை. நம் சாளரத்தின் முன்னே கட்டணம் ஏன் ஏறிற்று என்று கேட்போரிடம், “மேலிடத்தில் கேளுங்கள், அடுத்தவர் வாருங்கள்” என்று இதுகாறும் சொல்லிவந்தோம். இப்போது கணக்கைச் சொல்லுகிறோம். சென்னைக்கு ஏறத்தாழ 360 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு காசு. ஆக, ஜூலையில் ஏறியது ஏறத்தாழ மூன்று ரூபாய் அறுபது காசு. டிசம்பர் 26-இல் கிலோமீட்டருக்கு இரண்டு காசு மீண்டும் ஏறிற்று என்று விளக்குகிறோம். கேட்பவர் அரை நிமிடம் நிற்கிறார், வரிசை முணுமுணுக்கிறது. பாதகமில்லை. கேட்டவர் குடிமகன், விடை பெற்றே செல்லட்டும்.

சங்கத்து அன்பர்களே, அடுத்த ஆட்டத்தின்போது நம் பிள்ளைகள் கொடியோடு ஆர்ப்பரிக்கட்டும். நாமும் உடன் ஆர்ப்பரிப்போம். பக்கத்திலே ஒருவர் பால் விலையைப் பற்றிப் பேசினால் அவருக்கும் பலகையிலே சற்று இடம் விடுவோம். கொடி கீழே விழுந்தால் முதலிலே குனிகிறவர் அவராகவும் இருக்கலாம்.