ஃபுளூ காய்ச்சலும் நம் கடமையும்

2023ஆம் ஆண்டு மார்ச் 16 முதல் 26 வரை, கடலூர்ச் சாலையிலுள்ள நம் தவளக்குப்பம் உட்படப் புதுவை மாநிலமெங்கும் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்கு விடுமுறை விடப்பட்டது. எச்3என்2 என்னும் ஃபுளூ காய்ச்சல் சிறாரிடையே பரவியதே காரணம். அரசு பள்ளிகளை மூடியது. வீட்டில் நாம் செய்ய வேண்டுவது யாது?

நோய் இன்னதெனத் தெளிந்து, அதன் காரணத்தையும் அறிந்தே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. ஃபுளூவுக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் மருந்துகளோ பாக்டீரியாவை அழிப்பவை. வைரஸை ஒன்றும் செய்யா. ஆயினும் உடல் சுட்டவுடன் மருந்துக்கடையில் நான்கு மாத்திரைகள் வாங்கி விழுங்குகிறோம். இதனால் ஃபுளூ தீர்வதில்லை. உடலிலுள்ள பாக்டீரியாக்கள் அம்மருந்தை எதிர்க்கும் வலிமை பெறுகின்றன. பின்னொரு நாள் நிமோனியா தாக்கும்போது அதே மருந்து நம்மைக் கைவிடக்கூடும். எனவேதான் 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கம், பருவக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவதைத் தவிர்க்குமாறு மருத்துவர்களையே கேட்டுக்கொண்டது.

பெரும்பாலோர்க்கு ஃபுளூ ஒரு வாரத்தில் தணியும். இருமல் மட்டும் சில நாள் நீடிக்கலாம். ஓய்வு, கஞ்சி, நிறைய நீர், உரிய அளவில் பாரசிட்டமால் ஆகியவை போதும். சிறுவர்க்கு ஆஸ்பிரின் கொடுத்தல் ஆகாது. டெங்குவும் தொடக்கத்தில் இவ்வாறே தோன்றுமாதலால், மருத்துவர் சொல்லாமல் வேறு வலிமாத்திரைகளையும் நாடலாகாது.

முதியோர், கருவுற்ற மகளிர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், நீரிழிவும் ஆஸ்துமாவும் உடையோர் ஆகியோர் காத்திராமல் மருத்துவரை அணுகுதல் வேண்டும். ஓசல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து, நோய் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பயன்தரும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், உதடு நீலம் பாரித்தல், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல், குழந்தை நீர் அருந்த மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், யாராயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையவும் அங்கிருந்து வெளியேறவும் வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நம் நோய் பிறரைத் தொடாமல் காப்பது அறம் என்பதே அதன் உட்பொருள். ஆகவே, மாத்திரையின்றியே காய்ச்சல் நீங்கி ஒரு நாள் கழியும்வரை வகுப்புக்கோ கூட்டுத் தொழுகைக்கோ செல்லாதிருப்போம். இருமும்போது வாயை மூடுவோம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவோம். நமக்கு ஒரு வாரத்தில் தீரும் காய்ச்சல், வீட்டிலுள்ள பாட்டியாருக்கு உயிர்க்கேடாக முடியலாம் என்பதை மறவாதிருப்போமாக!