த்ரெடிங்ல கை நடுங்குதா? கோர்ஸை விட்டுடாதீங்க!

பியூட்டீஷியன் கோர்ஸில் சேர்ந்தவர்களை முதலில் அழவைப்பது பிரைடல் மேக்கப் இல்லை, ஒரு சாதாரண நூல்கண்டுதான்!

நூலின் ஒரு முனை பல்லில், மறுமுனை கையில். விரல்கள் விரியும்போதெல்லாம் நடுவில் இருக்கும் முறுக்கு நகர்ந்து, முடியை வேரோடு இழுக்கும். பார்க்க ஈஸி. ஆனால் முதல் தடவை தோலும் சேர்ந்து மாட்டும். எதிரில் இருப்பவர் 'ஆ'னு அலறுவார். 'நமக்கு இது செட் ஆகாது' என்று பலருக்கும் தோன்றுவது அப்போதுதான்.

பெரும்பாலும் தப்பு உங்கள் திறமையில் இல்லை. தோல் தளர்வாக இருந்தால் நூல் கீறிவிடும். அதனால் புருவத்துக்கு மேலேயும் இமையிலும் தோலை இழுத்துப் பிடிக்கச் சொல்லி கஸ்டமரிடமே கேளுங்கள். முடி வளரும் திசைக்கு எதிராக இழுங்கள். இல்லையென்றால் பாதியில் அறுந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய சறுக்கல் ஒன்று இருக்கு. இடது புருவம் கொஞ்சம் மெலிந்துவிட்டது. சரி செய்ய வலதில் நாலு முடி, மறுபடி இடதில் ரெண்டு... கடைசியில் ரெண்டுமே கோடு! அந்த இடத்தில் நூலைக் கீழே வைக்கத் தெரியணும். யாருக்குமே ரெண்டு புருவமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஆரம்பிக்கும் முன்பே ஐப்ரோ பென்சிலால் வடிவத்தை வரைந்து, அதற்கு வெளியே இருப்பதை மட்டும் எடுங்கள்.

ஏற்கெனவே தோழியின் புருவத்தைக் கெடுத்தாச்சா? ஸாரி கேளுங்க, வளர்ந்துடும். அதுவரை பழக உங்க கால்முடி இருக்கவே இருக்கு!