உங்களுக்குத் தெரியுமா? ஷூ எண் நம் காலுக்குப் போட்டதல்ல!

தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன திண்டுக்கல்லிலேயே வாங்கினாலும், ஓடுவதற்கான ஷூவில் தோல் அநேகமாக இருக்காது. மேலே வலைத்துணி, கீழே நுரை. பெட்டியில் உள்ள எண்ணும் பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பா அளவுதான்.

சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. மேற்கத்தியரைவிட நம் பாதம் அகலம் என்று தெரிந்தது. ‘பாரத்’ என்பதைச் சுருக்கி ‘பா’ என்று ஒரு இந்திய அளவுமுறையும் முன்மொழியப்பட்டது.

சுண்டுவிரல் இடிக்கிறதே என்று ஒரு எண் கூட்டி வாங்குகிறோம். அகலத்துக்காக நீளத்தை வாங்கினால் குதிகால் வழுக்கத்தானே செய்யும்? ‘2இ’, ‘4இ’ எனக் குறித்த அகல மாடல்களைக் கேளுங்கள்.

ஈரக்கால் சுவட்டைப் பார்த்து, தட்டைப் பாதமா வளைந்த பாதமா என்று ஷூ தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அமெரிக்கப் படைகளின் பயிற்சி வீரர்களிடம் அப்படித் தேர்ந்து கொடுத்தும் பார்த்தார்கள். காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. போட்டு ஓடிப் பார்க்கையில் சுகமாக இருப்பதே நம்பகமான அடையாளம்.

கடைக்கு மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு, நின்றபடி, பெரிய காலுக்கு அளவு பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.