இமையா விழியின் உறக்கம்

கண் இமைத்தலும், அடி நிலத்தில் தோய்தலும், சூடிய மாலை வாடுதலும் மானிடர்க்குரிய இயல்புகள். இவை இன்மை தேவர்க்குரியது. சுயம்வர மண்டபத்தில் நளனுருக் கொண்டு வீற்றிருந்த தேவரிடையே உண்மை நளனைத் தமயந்தி இக்குறிகளாலேயே தெரிந்துகொண்டாள் என்பது நளவெண்பா கூறும் செய்தி. ஆயின், இமையாமை தேவர்க்கு மாத்திரம் உரியதன்று. நம் வீட்டுச் சுவரில் ஊர்ந்து திரியும் பல்லிக்கும் அஃது உரியதே. பல்லியினங்களுட் பெரும்பாலானவற்றின் கண்ணை ஒளி ஊடுருவும் மெல்லிய செதிலொன்று கண்ணாடிபோல் மூடியிருக்கின்றது. அதிற் படியும் தூசியைப் பல்லி தன் நாவினால் நக்கித் துடைத்துக்கொள்ளும்.

அங்ஙனமாயின், மூடுதற்கு இமையில்லாத உயிர் உறங்குகின்றதென்பதை அறிவது எங்ஙனம்? இது வீண் ஆராய்ச்சியன்று. மேனாடுகளிற் பல்லிகளைக் கண்ணாடிக் கூடுகளில் வளர்ப்போர் பலர். திறந்த விழியோடு அசைவற்றுக் கிடக்கும் பிராணி உறங்குகின்றதா, நோயுற்றதா, இறந்ததா என்பதைத் தெளியாவிடின் அதனைக் காத்தல் அரிது.

பிரெஞ்சு உளவியலறிஞர் ஆன்றி பியரோன் 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உறக்கத்தை அதன் புறக்குறிகளால் வரையறுத்தார். அசைவின்மை, உயிருக்குரிய தனிக்கிடை, புறத்தூண்டல்களை எளிதில் உணராமை, தக்க தூண்டலால் விரைந்து விழிக்கும் ஆற்றல் என்பன இன்று கொள்ளப்படும் முக்கிய குறிகளாம். இவற்றுள் இறுதியானதே உறக்கத்தை மயக்கத்தினின்றும் பிரித்துக் காட்டுவது. இமைமூடல் இவற்றுள் ஒன்றாக இல்லாமை நோக்கற்பாலது. அன்றியும், 2016ஆம் ஆண்டில் யேர்மனிய ஆய்வாளர், அவுஸ்திரேலியாவுக்குரிய தாடி ஓணானின் மூளையில் உறக்கத்தின் இருவேறு நிலைகள் ஏறத்தாழ 80 செக்கனுக்கு ஒரு சுற்றாக மாறி மாறி வருதலைக் கண்டனர். ஊர்வனவற்றின் ஓய்வு வெறும் சோம்பலன்று என்பதற்கு இது சான்று.

வளர்ப்புப் பல்லிகளுள் இரண்டை எடுத்து நோக்குவாம். முதலாவது சிறுத்தைப் பல்லி. ஆப்கானித்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட கற்பாங்கான நிலம் இதன் தாயகம். பல்லியினத்துள் விதிவிலக்காக இதற்கு அசையும் இமைகள் உண்டு. ஆதலின் கண்மூடி உறங்கும். விரலில் ஒட்டுந்திறன் இன்மையால் சுவரேறாது. பகலிற் கல்லிடுக்கிற் பதுங்கும். கூட்டிலோ வெப்பமான தரையில் வயிற்றைப் பதித்து, பின்னங்கால்களைப் பின்னோக்கி நீட்டிக் கிடப்பதுண்டு. இதனைக் கண்டு கால் முடங்கியதென்று அஞ்சுவோர் உளர். தன்னுடலில் வேண்டிய வெப்பத்தை ஆக்கவியலாத இப்பிராணிக்கு, உண்ட உணவு செரிப்பதற்குப் புறவெப்பம் வேண்டும். அதன் பொருட்டே அக்கிடை.

இரண்டாவது நியூ கலெடோனியாத் தீவுக்குரிய கொண்டைப் பல்லி. 1866இல் விவரிக்கப்பட்ட இவ்வினம், அழிந்துபோயிற்றென்று நெடுங்காலம் கருதப்பட்டுப் பின் 1994இல் மீண்டும் கண்டறியப்பட்டது. இதற்கு இமையில்லை. பகல் முழுதும் இலைச்செறிவில் மறைந்துறங்கி இரவில் உலாவும். கூட்டில் வளருங்கால் சிலவேளை செங்குத்தான கண்ணாடியில் தலைகீழாய் ஒட்டியவாறே உறங்கும்.

உறங்கும் பல்லி கீழே விழாமை எதனால்? அதன் விரலடியிற் கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் எண்ணிறந்தன உள. அவை சுவரை நெருங்கித் தொடும்போது மூலக்கூறுகளிடையே எழும் வந்தர்வாலின் விசையே அதனைத் தாங்குகின்றது என்பது 2002இல் நிறுவப்பட்டது. இறந்த பல்லியின் பாதமும் உயிருள்ளதன் பாதத்துக்கு நிகராகவே ஒட்டுமென 2014இல் கலிபோணிய ஆய்வாளர் காட்டினர். ஆகவே ஒட்டிநிற்றல் உறக்கத்துக்கு இடையூறாகாது, உயிரோடிருப்பதற்குச் சான்றுமாகாது.

எனினும், தலைகீழ்க் கிடையில் ஒரு கேடுண்டு. கொண்டைப் பல்லியின் கனத்த வால் முதுகின்மேல் அல்லது பக்கவாட்டிற் சரிந்து தொங்கும். இது நாடோறும் நிகழின் வாலடியும் இடுப்பெலும்பும் கோணிவிடும் என வளர்ப்போர் பலர் கூறுவர். கல்சியக் குறைவால் எலும்பு நலிவதே மூலம் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், கிளைகளும் இலைத்தழையும் நிறைந்த கூட்டில் அப்பல்லி கண்ணாடியை நாட வேண்டியதில்லை. கல்சியமும் விற்றமின் டீ-3உம் குறைவின்றிக் கொடுத்தலும் கடன்.

இனி, ஐயுறத்தக்க கிடைகள் எவை? இரவிலும் எழாது கிடத்தல், உடலைத் தரையினின்றும் உயர்த்த இயலாமை, தாடை மென்மையுறல், கால் நடுக்கம் என்பன எலும்புநோயைக் குறிக்கலாம். சிறுத்தைப் பல்லி இரவிலும் கண் திறவாதிருப்பின், உரிந்த தோல் இமையுள் தங்கியிருத்தல் கூடும். கூடு குளிர்ந்தவிடத்து உயிர் இருந்தும் பிணம்போற் கிடப்பதுண்டு. அதனை மெல்ல வெப்பமூட்டிப் பார்க்குமுன் இறந்ததென்று துணிதல் தகாது.

உறங்கும் பிராணியை நோயுற்றதென மருண்டு அடிக்கடி எழுப்புதல் தீங்கு. நோயுற்றதை உறங்குகின்றதென எண்ணி வாளாவிருத்தல் அதனினும் பெருந்தீங்கு. தன் நோவைச் சொல்லவியலாத உயிரைக் கூட்டில் அடைத்தவர், அதன் கிடையும் அசைவும் நாடோறும் எவ்வாறுள்ளன என நோக்கி அறிதலே அதற்குச் செய்யும் முதற் பேருதவியாம்.