கபடி மண்ணுக்கு ரக்பி ரொம்ப தூரமில்லை! - ஓர் ஆசியக் கோப்பையின் கதை

திண்டிவனம் தொடங்கி விழுப்புரம் வரை, நெடுஞ்சாலையின் இருபக்கமும் உள்ள கிராமங்களில் பொங்கல் வந்தால் கபடிக்குப் பஞ்சமிருக்காது. விளக்குகளைக் கட்டிவிட்டு, விடிய விடிய ஆட்டம் நடக்கும். பாடி வருகிறவரின் காலைப் பிடித்துச் சாய்ப்பது, பிடித்தவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டே கோட்டைத் தொடுவது... இந்த இரண்டும்தான் ரக்பி விளையாட்டுக்கும் உயிர். ஆனால், முட்டை வடிவத்தில் இருக்கும் ரக்பி பந்தைக் கையில் தொட்டுப் பார்த்தவர்கள் இந்த ஊர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இத்தனைக்கும், ரக்பி இந்தியாவுக்கு வந்து 150 ஆண்டுகள் தாண்டிவிட்டன.

உருக்கப்பட்ட வெள்ளி ரூபாய்கள்

1872-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தில் கொல்கத்தாவில் ஒரு போட்டி நடந்தது. இங்கிலாந்துக்காரர்கள் 20 பேர் ஒரு பக்கம். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் 20 பேர் மறுபக்கம். அந்த உற்சாகத்தில் அடுத்த மாதமே ‘கல்கத்தா கால்பந்து கிளப்’ பிறந்தது. ஆனால், நம் வெயிலுக்கு ரக்பியைவிட டென்னிஸும் போலோவும் தேவலாம் என்று உறுப்பினர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். கிளப்பைக் கலைக்க முடிவானபோது, வங்கிக் கணக்கில் இருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடியாக மூன்று நாகங்கள், மூடியின் மேல் ஒரு யானை! 1878-ல் அது இங்கிலாந்து ரக்பி யூனியனுக்குப் பரிசாகப் போனது. 1879 முதல் இன்றுவரை இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது அந்த ‘கல்கத்தா கோப்பை’க்காகத்தான்.

கோப்பை கடல் தாண்டியது. விளையாட்டோ இங்கே பெருநகர கிளப்களின் வேலிக்குள்ளும், ராணுவ முகாம்களுக்குள்ளும் அடங்கிப்போனது.

எட்டு நாடுகள், ஒரு போட்டி

1968-ல் ஆசிய ரக்பி யூனியன் உருவானது. ஜப்பான், தென்கொரியா, தைவான், ஹாங்காங், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய எட்டு நாடுகள் சேர்ந்து அதைத் தொடங்கின. பக்கத்து இலங்கை இருந்தது, இந்தியா இல்லை. 1969-ல் டோக்கியோவில் முதல் ஆசியப் போட்டி. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த அந்தப் போட்டியில், முதல் ஏழு முறையும் ஜப்பானே ஜெயித்தது. 1982-ல்தான் தென்கொரியா அந்தத் தொடரை உடைத்தது. இதற்கிடையே 1974-ல் கொழும்பு நகரமே போட்டியை நடத்தி முடித்திருந்தது.

இந்தியா அங்கே போய்ச் சேர 1998 ஆனது. அந்த ஆண்டு சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டிதான் இந்திய அணியின் முதல் சர்வதேச மேடை. அந்த அணியில் ஆடியவர்களில் ஒருவரை உங்களுக்கு நன்றாகவே தெரியும். ‘விஸ்வரூபம்’ படத்தில் கமல்ஹாசனுக்கு வில்லனாக வந்த ராகுல் போஸ்! பின்னாளில் இந்திய ரக்பி சம்மேளனத்தின் தலைவரானதும் அவர்தான்.

2008-ல் போட்டி புது வடிவம் எடுத்தது. மேல் பிரிவில் ஐந்து அணிகள், ஆண்டுதோறும் லீக் ஆட்டங்கள். கடைசி இடம் பிடித்தால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும்; கீழே ஜெயித்தவர் மேலே வருவார். 2015-ல் ‘ஆசிய ரக்பி சாம்பியன்ஷிப்’ என்று பெயர் மாறியது. 2017-க்குப் பிறகு ஜப்பான் ஒதுங்கிக்கொள்ள, ஹாங்காங் முன்னுக்கு வந்தது. 2025-ல் பட்டம் வென்று, 2027 உலகக் கோப்பைக்கு முதல்முறையாகத் தகுதி பெற்றது. அந்த ஆண்டு மேல் பிரிவில் ஆடிய நான்கு அணிகளில் இலங்கையும் ஒன்று. இந்திய ஆண்கள் அணி இன்னும் கீழ்ப் பிரிவில்தான்.

பெண்கள் திறந்த கதவு

ஆனால், 2019 ஜூனில் ஒரு நல்ல செய்தி வந்தது. மணிலாவில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி 21-19 என்று சிங்கப்பூரை வென்றது. 15 பேர் ஆடும் ரக்பியில் அவர்களுக்கு அதுவே முதல் சர்வதேச வெற்றி. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பெனால்டி உதையை உள்ளே அனுப்பி ஜெயிக்கவைத்தவர், ஒடிசாவின் சுமித்ரா நாயக். பழங்குடிப் பிள்ளைகளுக்காக புவனேஸ்வரில் இயங்கும் கல்வி நிறுவனத்தில் படித்தவர்.

சிலிகுரிக்குப் பக்கத்தில் உள்ள சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டமும் அப்படித்தான். கொல்கத்தாவின் ‘ஜங்கிள் குரோஸ்’ அமைப்பினர் பந்தோடு அங்கே போனார்கள். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் ஆட ஆரம்பித்தார்கள். அங்கிருந்து சந்தியா ராய் போன்றவர்கள் இந்திய அணிக்கே வந்துவிட்டார்கள்.

கிளப்களில் தேங்கிக் கிடந்த விளையாட்டு, கிராமத்துக்குப் போன பிறகுதான் நாட்டுக்கு வெற்றி தேடித் தந்திருக்கிறது.

ஏழுக்கு ஏழு

கபடியில் களத்தில் நிற்பது ஏழு பேர். ஒலிம்பிக்கில் 2016 முதல் இடம்பெறும் ‘செவன்ஸ்’ ரக்பியிலும் ஏழு பேர்தான். பாதிக்கு ஏழு நிமிடம் என்று 14 நிமிடங்களில் ஆட்டம் முடிந்துவிடும். பந்தை ஏந்தி ஓடலாம். கையால் முன்னால் வீசக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் தர வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ஐந்து புள்ளிகள். தோளுக்கு மேலே பிடித்தால் தண்டனை.

‘பிள்ளைக்கு அடிபடுமே’ என்று பெற்றோர் பயப்படலாம். அதற்கும் வழி இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் பிடித்துச் சாய்க்காமல், வெறுமனே தொட்டாலே போதும் என்ற ‘டச் ரக்பி’யில் தொடங்கலாம். சரியாக விழுவது எப்படி என்று பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்ட பிறகு முழு ஆட்டத்துக்கு மாறலாம்.

2025-ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பையைத் தூக்கிய அணியின் பெயர் சென்னை புல்ஸ். சென்னையின் பெயருக்குக் கோப்பை வந்துவிட்டது. இனி, பந்து செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம், விழுப்புரம் பள்ளி மைதானங்களுக்கும் வர வேண்டும். பிடிக்கத் தெரிந்த கைகள் அங்கே ஏற்கெனவே தயார்!