ரேம் வேகத்தை கூட்டுறீங்களா? உஷார்!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ரிச்சி தெருவில் பார்ட்ஸ் வாங்கி வந்து வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் வாலிபர்கள் உண்டு. “3200-னு போட்ட ரேம் 2400-ல தான் ஓடுது, கடைக்காரர் ஏமாத்திட்டாரு” என்று சிலர் சண்டைக்கு கிளம்பி விடுகிறார்கள்.

அது ஏமாற்று வேலை இல்லை. டி.டி.ஆர்.4 ரேம் பலவும் மாட்டியதும் 2133 அல்லது 2400 வேகத்தில் தான் ஓடும். பயாஸ் உள்ளே போய் எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்தால், பிராசசரும் மதர்போர்டும் தாங்கும் பட்சத்தில் முழு வேகம் வந்து விடும். அப்போது வோல்டேஜ் 1.2-ல் இருந்து பெரும்பாலும் 1.35 ஆகும்.

அதற்கு மேல் ஆசைப்பட்டு கையால் ஏற்றினால் தான் வம்பு. சூடு ஏறும். கம்ப்யூட்டர் ஓடுவது போலவே இருக்கும், ஆனால் உள்ளே ரேம் தப்பு தப்பாக எழுதி, பிள்ளைகளின் சர்டிபிகேட், கல்யாண போட்டோ எல்லாம் கெட்டுப் போகலாம். எனவே முக்கியமானதை முதலில் பென் டிரைவில் காப்பி எடுங்கள். வேகம் கூட்டிய பிறகு மெம்டெஸ்ட்86 சோதனையை ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் வேகத்தை குறையுங்கள்.

ஸ்கிரீன் கறுப்பாகவே நின்றால் பதற வேண்டாம். பிளக்கை பிடுங்கி விட்டு, மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியை சில நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய செட்டிங் வந்து விடும்.