களப்பை ஒரு தாளில் காட்டுதல்

ஆய்வுச் சுவரொட்டி என்பது ஓர் ஆய்வின் கேள்வியையும் விடையையும் ஒரே தாளில் காட்டுவது. வழக்கமான ஏ0 தாளின் அளவு 841 × 1189 மில்லிமீற்றர். எடுத்துக்காட்டாக, இலங்கையிலுள்ள புத்தளம் களப்பின் கண்டல் காடுகளை ஆராயும் மாணவருக்கு வரைபடமே உயிர். கற்பிட்டிக் குடாநாடு, இறால் பண்ணைகள், உப்பளங்கள், மாதிரி எடுத்த இடங்கள் எல்லாம் வடதிசைக் குறியோடும் அளவுகோலோடும் அதில் தெரிய வேண்டும். பண்ணைக்காகக் கண்டல் அழிந்த கதையை, முன்னும் பின்னும் எடுத்த இரு செய்மதிப் படங்கள் அருகருகே நின்றாலே சொல்லிவிடும். அங்கே நீண்ட பத்திகள் வீண். தலைப்பு தூரத்திலிருந்தே வாசிக்கும்படியும் முடிவு கண்மட்டத்திலும் இருப்பது நல்லது. சுவரொட்டி முன் வந்து நிற்பவரிடம் தாளை வாசித்துக் காட்டுவது பெரும் பிழை. கேள்வி, முறை, கண்டது ஆகியவற்றை இரண்டு நிமிடத்தில் வரைபடத்தைத் தொட்டுச் சொன்னால் போதும். களப்பு மீனவருக்கும் புரியும் தமிழில் ஒரு பிரதி கற்பிட்டிக் கரையிலும் ஒட்டப்பட வேண்டும்.